பாரிஸ் மேடை உடை ஓவியத்தைப் படிப்பது எப்படி: தாளின் ஓரத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் ஓபரா, பாலே, நாடக மேடைகளுக்காக வரையப்பட்ட உடை ஓவியங்கள் இன்று இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா மின்நூலகத்தில், தூரிகை போன வழி தெரியும் அளவுக்கு ஒவ்வொரு தாளையும் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. ஆனால் அவற்றைச் சரியாகப் படித்து, பிறருக்குப் பயன்படும்படி விவரம் எழுதுவதற்குப் பழக்கம் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து நிறத்தை, பிறகு ஒரு கதையை. ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருக்கும் எழுத்து கடைசியாகத்தான் கண்ணில் படுகிறது. சில நேரம் படுவதே இல்லை. இந்தத் தாள்கள் தையற்கூடத்துக்குக் கொடுத்த வேலை உத்தரவுகள். தையற்காரர் முதலில் படித்தது அந்தக் கிறுக்கலைத்தான். ஆகவே நாமும் ஓரத்தில் தொடங்கி, எழுத்து, உடை என்று நகர்ந்து, முகத்தைக் கடைசிக்கு விட்டுவிட வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல்தான் நிற்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை அந்த ஓபராவின் அல்லது பாலேயின் லிப்ரெட்டோ, அதாவது அச்சிடப்பட்ட கதை-வசன நூல். பாத்திரங்களின் பட்டியல், முதல் காட்சியில் நடித்தவர்கள், ஒவ்வொரு அங்கமும் நடக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கும். பெரும்பாலானவை காலிகாவிலேயே கிடைக்கின்றன. தாளில் பாத்திரப் பெயர் பாதி அழிந்தோ சுருக்கமாகவோ இருந்தால், பட்டியல் கையில் இருந்தால்தான் மீதியை நிரப்ப முடியும். பட்டியல் இல்லாமல் நிரப்பினால் அது வெறும் ஊகம்.

அடுத்தது அந்தக் காலத்து அகராதி. 1863-க்கும் 1873-க்கும் இடையில் வெளியான லித்ரே அகராதி இதற்குப் பொருத்தமானது. இன்றைய கைப்பேசி அகராதி பல துணிப் பெயர்களுக்கு இன்றைய பொருளை மட்டுமே தரும். அதனால் வரும் விபத்துகளை நான்காம் படியில் சொல்கிறேன்.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, ‘பார்த்தது’, ‘படித்தது’, ‘ஊகித்தது’ என்று தலைப்பிடுங்கள். இதைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள். நான் திருத்திய விவரக்குறிப்புகளில் கண்ட பிழைகளில் பாதிக்கு மேல், ஊகம் மெல்ல நகர்ந்து பார்த்ததன் இடத்தில் உட்கார்ந்துகொண்டதால் வந்தவை. மூன்று பத்தியும் கண்ணெதிரே இருந்தால் அந்த நகர்வு உடனே தெரிந்துவிடும்.

தேடும்போது படைப்பின் பிரெஞ்சுப் பெயரையும், உடை மாதிரி வரைவைக் குறிக்கும் ‘மாக்கெத் தெ கோஸ்த்யூம்’ (maquette de costume) என்ற சொற்களையும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் சேர்த்துத் தேடுங்கள். ஆங்கிலப் பெயரில் தேடிவிட்டு ‘எதுவும் இல்லை’ என்று திரும்பியவர்கள் பலர்.

2. கையில் இருப்பது எந்த வகைப் படம்?

மேடை உடையைக் காட்டும் எல்லாப் படங்களும் உடை வரைவுகள் ஆகிவிடாது. குறைந்தது மூன்று வகை ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. உடை தைக்கப்படுவதற்கு முன் வரைந்த கைவேலை ஒன்று. நாடகம் அரங்கேறிய பிறகு, நடிகர் மேடையில் நின்ற கோலத்தை அச்சிட்டு விற்ற வண்ணப்படம் இன்னொன்று. பத்திரிகைகளில் வந்த கேலிச்சித்திரமும் நடிகரின் உருவப்படமும் மூன்றாவது.

இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாற்றும். மர்த்தினே என்ற பாரிஸ் பதிப்பாளர் நூற்றாண்டின் முற்பகுதியில் நடிகர்களை மேடை உடையில் காட்டும் படங்களைத் தொடர்வரிசையாக வெளியிட்டார். செப்புத்தகட்டில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. அந்த வண்ணத்தைப் பார்த்தவுடன் ‘கையால் வரைந்த மூல ஓவியம்’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள்.

பிரித்தறிய, பெரிதாக்கிக் கோடுகளைப் பாருங்கள். அச்சுப்படத்தில் கோட்டின் கருமை எங்கும் ஒரே சீராக இருக்கும். நிழல் நெருக்கமான இணைகோடுகளால் அமைந்திருக்கும். படத்தின் கீழே நடிகர் பெயர், பாத்திரம், நாடகம், அரங்கு ஆகியவை செதுக்கிய எழுத்தில் வரிசையாக நிற்கும். தாளைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளமும் தெரியலாம். கைவரைவில் வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடுகள் தடுமாறுவது தெரியும். கை ஒரு இடத்தில் போய், திருத்தப்பட்டு வேறு இடத்தில் நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. வரைவு ‘என்ன செய்ய நினைத்தார்கள்’ என்று சொல்கிறது. அச்சுப்படம் ‘மேடையில் என்ன தெரிந்தது’ என்பதற்கு அருகில் வருகிறது. இந்தப் படியிலேயே வகை மாறிப்போனால் பின்னால் வரும் எல்லா முடிவும் தலைகீழாகும்.

3. தாளை முழுதாகப் பாருங்கள், வெட்டாதீர்கள்

உருவம் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டிச் சேமிக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியவற்றில் பெரும்பங்கு வெட்டி எறியும் பகுதியில்தான் இருக்கிறது.

பாரிஸ் ஓபரா என்ற நிறுவனத்தின் வரைவுகள், அதன் அரங்கமான கார்னியே மாளிகையில் உள்ள ஓபரா நூலக-அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அது இன்று தேசிய நூலகத்தின் ஒரு பகுதி. அங்கே பல வரைவுகள் தொகுதிகளாகக் கட்டப்பட்டு, டி. 216 என்று தொடங்கும் இருப்பு எண்ணோடு உள்ளன. அதன் பின்னால் தொகுதி எண்ணும் தாள் எண்ணும் வரும். முதலில் இந்த எண்ணை அப்படியே நகல் எடுங்கள். பிறகு, நீங்கள் பார்க்கும் தாளுக்கு முன்னும் பின்னும் உள்ள பத்துத் தாள்களைப் புரட்டுங்கள். ஒரே கூட்டுப்பாடல் குழுவுக்கான உடைகள் அடுத்தடுத்து வரும். தனியாகப் பார்த்தால் புரியாத தாள், பக்கத்தில் இருப்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

முத்திரைகளையும் படியுங்கள். அரசு மாறும்போதெல்லாம் ஓபராவின் பெயரும் மாறியது. ‘அரச இசைக் கழகம்’ என்று இருந்தால் பொதுவாக 1848-க்கு முந்தைய முடியாட்சிக் காலம். ‘பேரரசு’ என்ற சொல் இருந்தால் முதலாம் நெப்போலியனின் காலமாகவும் இருக்கலாம், 1870-இல் முடிந்த மூன்றாம் நெப்போலியனின் காலமாகவும் இருக்கலாம். ஆனால் முத்திரையின் காலமும் ஓவியத்தின் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நூலகம் பல ஆண்டு கழித்துக் குத்திய முத்திரையை வைத்து ஓவியத்துக்குத் தேதி போடுவது அடிக்கடி காணும் பிழை.

பின்பக்கம் படமாக்கப்பட்டிருந்தால் அதையும் பாருங்கள். கைவிட்ட முதல் முயற்சி அங்கே ஒளிந்திருக்கலாம்.

4. ஓரக் குறிப்புகளை எழுத்துக்கு எழுத்து நகல் எடுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

முதல் விதி: மொழிபெயர்க்கும் முன் நகல் எடுங்கள். தெரிந்த எழுத்தை எழுதி, தெரியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள். சுருக்கத்தைச் சுருக்கமாகவே விடுங்கள். நகல் எடுக்கும்போதே பொருள் தேடினால், மனம் தனக்குத் தெரிந்த சொல்லைத் தாளில் பார்க்கத் தொடங்கிவிடும். அப்படிப் பார்த்த சொல்லை மறுபடி மறைப்பது மிகக் கடினம்.

இரண்டாவது விதி: கையெழுத்துகளைப் பிரித்தறியுங்கள். ஒரே தாளில் மூன்று பேர் எழுதியிருக்கக்கூடும். பாத்திரத்தின் பெயரையும் அங்கத்தையும் பெரும்பாலும் வரைந்தவர் மையால் எழுதியிருப்பார். துணி, எண்ணிக்கை, ‘செய்ய வேண்டும்’, ‘பழையது’ போன்றவை தையற்கூடத்தோடு தொடர்புள்ளவர்களின் பென்சில் குறிப்புகளாக இருக்கலாம். மூலையில், தொகுதி முழுதும் ஒரே பாணியில் ஓடும் எண் நூலகத்தாருடையது. அந்த மூலை எண்ணை ‘பன்னிரண்டு உடைகள் தேவை’ என்று படித்த ஒரு குறிப்பை நான் திருத்தியிருக்கிறேன். பக்கத்துத் தாளில் பதின்மூன்று என்றும் அடுத்ததில் பதினான்கு என்றும் இருப்பதைப் பார்த்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

இப்போது சொற்கள். மேடையின் பிரெஞ்சு, தெருவின் பிரெஞ்சிலிருந்து பல இடங்களில் விலகி நிற்கிறது.

‘திரா’ என்றால் இன்றைய அகராதி படுக்கை விரிப்பு என்று சொல்லும். உடைக் குறிப்பில் அது அடர்த்தியான கம்பளித் துணி. படைவீரனின் மேலங்கிக்கு நேரே அந்தச் சொல் இருந்தால் படுக்கைக்கு அங்கே வேலை இல்லை.

‘மையோ’ இன்று நீச்சலுடை, விளையாட்டுச் சட்டை. ஓபராவில் அது ஆடுபவரின் காலையோ உடலையோ ஒட்டிய பின்னல் உடை. தோல் நிறத்தில் தீட்டப்பட்ட கால் வெறுங்கால் என்று நினைத்துவிடாதீர்கள். ஓரத்தில் இந்தச் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

‘பாஸ்க்’ என்பதைக் கண்டவுடன் பாஸ்க் நாட்டு உடை என்று எழுதுகிறார்கள். ஸ்பெயினில் நடக்கும் கதையாக இருந்தால் நம்பிக்கை இன்னும் கூடிவிடுகிறது. அது இடுப்புக்குக் கீழே தொங்கும் மேற்சட்டையின் விளிம்புப் பகுதி.

‘கிரெவே’ என்பதற்கு வெடித்தது, செத்தது என்றெல்லாம் அகராதி சொல்லும். 16-ஆம் நூற்றாண்டுப் பாணி உடைகளில் மேல்துணியை வேண்டுமென்றே கீறி, உள்ளே இருக்கும் வேறு நிறத் துணியை வெளியே காட்டுவார்கள். அந்தக் கீறல்களின் பெயர்தான் இது.

‘பாழ்’ என்ற ஒலியில் வரும் சொல் புத்தகப் பக்கத்தையும் குறிக்கும், அரண்மனைப் பணிச்சிறுவனையும் குறிக்கும். 1836-இல் அரங்கேறிய மேயர்பேரின் ‘யூகனோக்கள்’ ஓபராவில் உர்பேன் என்ற அத்தகைய சிறுவன் பாத்திரத்தைப் பெண்தான் பாடுவார். பெண் ஆண்வேடம் கட்டுவதற்கு ‘திராவெஸ்தி’ என்று பெயர். அந்தக் குறிப்பைக் கவனிக்காவிட்டால் சிறுவன் உடையில் ஏன் பெண்ணின் இடுப்பு இருக்கிறது என்று குழம்புவீர்கள்.

குழுக்களின் பெயர்களிலும் படிநிலை உண்டு. ‘கொரிஃபே’ என்றால் குழுவில் முன்னிற்பவர். ‘கோம்பார்ஸ்’ என்றால் பாடாமலும் ஆடாமலும் மேடையை நிரப்புபவர். இந்தச் சொல் துணியின் தரத்தை முன்கூட்டியே சொல்லிவிடும். முன்னிற்பவருக்கு வெல்வெட் என்றால் பின்வரிசைக்கு அதே வெட்டு, மலிவான துணி. ‘பாரேய்’ என்ற சொல்லோடு எண் வந்தால் ‘இதே போல் இத்தனை’ என்று பொருள்.

நடிகர்களின் பெயர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயராக மட்டுமே இருக்கும். ‘மத்முவசேல்’ என்ற அடைமொழியைப் பார்த்து மணமாகாதவர் என்று எழுதாதீர்கள். அது மேடை வழக்கம். பாலே ஆடலர் மாரி தாக்லியோனி 1832-இல் மணம் செய்துகொண்ட பிறகும் மத்முவசேல் தாக்லியோனி என்றே அழைக்கப்பட்டார்.

பெயர் உங்களுக்குத் தேதியையும் தரும். ரொஸ்ஸினியின் ‘வில்லியம் டெல்’ 1829 ஆகஸ்ட் 3 அன்று அரங்கேறியபோது ஆர்னோல் பாத்திரத்தைப் பாடியவர் அதோல்ஃப் நூர்ரி. 1837-இல் கில்பேர் தியுப்ரே அதே பாத்திரத்தில் பாரிஸ் ஓபராவில் அறிமுகமானார். ஆர்னோலின் உடை ஓவியத்தில் தியுப்ரே பெயர் இருந்தால், அந்தக் குறிப்பாவது 1837-க்கு முந்தையதாக இருக்க முடியாது. ‘அந்தக் குறிப்பாவது’ என்று சொல்லக் காரணம் உண்டு. பழைய ஓவியத்தை எடுத்துப் புதிய பாடகரின் பெயரை எழுதி மீண்டும் தையற்கூடத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

5. உடையை உள்ளிருந்து வெளியே விவரியுங்கள்

இப்போதுதான் உருவத்துக்கு வருகிறோம். உடலை ஒட்டியது முதலில், அதன் மேல் சட்டை அல்லது பாவாடை, அதன் மேல் அங்கி, பிறகு இடைக்கச்சை, தலையணி, காலணி, கையில் பிடித்திருப்பது என்று எழுதுங்கள். தலையிலிருந்து கால்வரை போகும் வழி இயல்பாகத் தோன்றினாலும், அதில் அடுக்குகள் கலந்துவிடும். உள்ளிருந்து வெளியே போனால் எந்தத் துணி எதன்மேல் வருகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியிருக்கும். தைத்தவர்களுக்கும் அந்தக் கேள்வியே முக்கியம்.

தெரியாத அடுக்கை நிரப்பாதீர்கள். அங்கி மூடியிருந்தால் ‘உள்ளுடை தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.

நிறத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஈயவெள்ளையும் வெள்ளிப் பொடியும் காலப்போக்கில் கறுத்துவிடும். பித்தளைப் பொடியால் ஆன பொன்வண்ணம் பழுப்பாகும். ‘கறுப்பு ஓரம் வைத்த நீல அங்கி’ என்று நீங்கள் எழுதப்போவது உண்மையில் வெள்ளிச் சரிகை வைத்ததாக இருக்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள். கருமை திட்டுத்திட்டாக, ஓரத்தில் மினுமினுப்போடு இருந்தால் அது கறுத்த உலோகம். ஓரக் குறிப்பில் ‘அர்ழான்’ என்ற வெள்ளிக்கான சொல் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

இரண்டாவது, தாளின் நிறம் வேறு, மேடையின் நிறம் வேறு. ஓபராவில் 1822-இல் எரிவாயு விளக்கு வந்தது. அதற்கு முன் எண்ணெய் விளக்கு. இரண்டும் மஞ்சள் சாய்ந்த ஒளி. அந்த ஒளியில் வெளிர்மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியலாம், ஆழ்ந்த நீலம் கறுப்பாகலாம். வரைந்தவருக்கு இது தெரியும். பகல் வெளிச்சத்தில் கூச்சலிடுவதுபோல் இருக்கும் நிறச் சேர்க்கையைப் பார்த்து ‘ரசனையற்றது’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

முகம்? பெரும்பாலான வரைவுகளில் அது பொதுவான முகம்தான். பெயர் எழுதியிருந்தாலும், முகச்சாயலை வைத்து ‘இது இன்னாரின் உருவப்படம்’ என்று சொல்லக்கூடாது.

6. தேதியைக் கணக்கிடுங்கள்

ஓவியம் எந்தக் காலத்துக் கதையைக் காட்டினாலும், வரைந்தவர் தன் காலத்து உடற்கட்டை விட்டு வெளியே வருவதில்லை. 15-ஆம் நூற்றாண்டு அரசி என்று எழுதியிருக்கும். தோளிலிருந்து சரிந்து உப்பிய கைகள் 1830-ஐக் காட்டிக்கொடுக்கும்.

மார்புக்குக் கீழே உயர்ந்த இடை 1820 வரை. பெரிய உப்பிய கை 1830-ஐ ஒட்டி. மணிபோல் விரிந்த பாவாடை 1840-கள். வளையக்கூண்டு தாங்கிய மாபெரும் பாவாடை 1850-களின் பிற்பாதியும் 1860-களும். பின்புறம் மட்டும் புடைத்தது 1870-களும் 1880-களும். உப்பிய கை 1895 வாக்கில் மறுபடி வருகிறது. முதல் அலையில் புடைப்பு தோளுக்குக் கீழே சரிந்து தொடங்கும். இரண்டாவதில் தோளின்மேல் நிமிர்ந்து நிற்கும். பாலே பாவாடைக்குத் தனிக் கணக்கு உண்டு. 1830-களில் அது கெண்டைக்காலுக்குக் கீழே வரும். நூற்றாண்டின் முடிவில் முழங்காலுக்கு மேலே ஏறிவிடும்.

நூற்றாண்டின் தொடக்கத் தாள்களில் ‘ஆண்டு 12’ போன்ற தேதி இருந்தால் அது புரட்சி நாட்காட்டி. ஆண்டு 12 என்பது 1803 செப்டம்பரில் தொடங்கி 1804 செப்டம்பரில் முடிந்தது. 1806 ஜனவரி 1 முதல் அந்த நாட்காட்டி கைவிடப்பட்டது.

அரங்கேற்றத் தேதியை அப்படியே ஓவியத்தின் தேதியாக எழுதுவது பெரும் பிழை. அலெவியின் ‘யூதப்பெண்’ 1835-இல் அரங்கேறியது. 1873 அக்டோபரில் லெ பெலெத்தியே தெருவின் ஓபரா அரங்கு எரிந்தது. 1875 ஜனவரி 5 அன்று கார்னியே மாளிகை திறந்தபோது அதே ஓபராவின் முதல் இரண்டு அங்கங்கள் நடந்தன. ஒரே பெயர், ஒரே பாத்திரங்கள், நாற்பது ஆண்டு இடைவெளி. வெர்தியின் ‘ஐதா’ ஓபரா இன்னும் சிக்கலானது. 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் அரங்கேறியதற்கான உடைகளை எகிப்தியல் அறிஞர் ஒகுஸ்த் மரியெத் வரைந்தார். அவை பாரிஸில் தைக்கப்பட்டு, 1870-71-இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது நகருக்குள் சிக்கிக்கொண்டதால் அரங்கேற்றமே தள்ளிப்போனது. பாரிஸ் ஓபரா அதை 1880 மார்ச் 22 அன்றுதான் மேடையேற்றியது. அதற்கு உடை வரைந்தவர் எழேன் லகோஸ்த். ஆகவே ‘ஐதா, உடை ஓவியம், 1871’ என்று எழுதும் முன் எந்த நகரம், எந்தத் தயாரிப்பு என்று கேளுங்கள்.

7. வரைந்தவர் யார்?

கையொப்பம் இல்லாத தாள்கள் மிகுதி. தயாரிப்பு தெரிந்துவிட்டால் பெயர் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் படி தேதிக்குப் பின்னால் வருகிறது. ‘சில்ஃபீது’ பாலேக்கு (1832) எழேன் லாமி, ‘ஜிசேல்’ பாலேக்கு (1841) போல் லோர்மியே, வெர்தியின் ‘தோன் கார்லோஸ்’ ஓபராவுக்கு (1867) அல்ஃப்ரெத் அல்பேர், நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஷார்ல் பியாங்கினி. உடை வரைதலைத் தொழிலாகக் கொள்ளாத ஓவியர்களும் இடையிடையே வருவார்கள். விக்தோர் யூகோவின் நண்பர் லூயி பூலான்ழே 1836-இல் ‘எஸ்மெரால்தா’ ஓபராவுக்கு உடை வரைந்தார்.

இசை நாடகங்கள், கேளிக்கை மேடைகளுக்கு வரைந்தவர்களில் கேலிச்சித்திரக்காரர்கள் உண்டு. அல்ஃப்ரெத் கிரெவேன் ஒருவர். ‘திரானெர்’ என்ற கையொப்பம் இன்னொருவருடையது. ழூல் ரெனார் என்பவர் தன் குடும்பப் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கி அப்படிக் கையெழுத்திட்டார். திரானெரும் ரெனாரும் இரு வேறு ஓவியர்கள் என்று பட்டியலிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

தயாரிப்பு தெளிவாக இல்லாதபோது, பாணியை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். படியெடுப்பவர்களும் உதவியாளர்களும் வேலை செய்த துறை இது. ‘இன்னாருடையதாகக் கருதப்படுகிறது’ என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள்.

8. மேடையோடு ஒப்பிடுங்கள்: பயதேர் என்ற கண்ணி

வரைந்தது எல்லாம் தைக்கப்படவில்லை. தைத்தது எல்லாம் வரைந்தபடி இல்லை. பெட்டியில் இருந்த பழைய உடையையே திருத்திப் பயன்படுத்துவது ஓபராவின் அன்றாடம். ஆகவே உங்கள் தாளை வேறு சாட்சிகளோடு நிறுத்திப் பாருங்கள். ஓபராவின் நிர்வாகக் கோப்புகள் பிரான்ஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஜே. 13 என்ற வரிசையில் உள்ளன. பத்திரிகை விமர்சனங்களும் மர்த்தினே போன்றோரின் அச்சுப்படங்களும் உண்டு. 1850-களுக்குப் பிறகு சிறிய அட்டைப் புகைப்படங்களும் கிடைக்கும்.

இந்தப் படியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, தமிழ் வாசகர்கள் அடிக்கடி விழும் பள்ளத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

‘பயதேர்’ என்பது இந்தியக் கோயில் ஆடலரைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய சொல். பாரிஸ் மேடையில் அந்தப் பாத்திரம் நூற்றாண்டு முழுதும் வந்துகொண்டே இருந்தது. 1810-இல் கத்தேலின் ‘பயதேர்கள்’. 1830 அக்டோபர் 13 அன்று ஓபேரின் ‘கடவுளும் பயதேரும்’, அதில் ஆடியவர் தாக்லியோனி. 1858-இல் தெயோஃபீல் கோத்தியே கதை எழுதிய ‘சகுந்தலா’ பாலே. 1877-இல் மாஸ்னேயின் ‘லாகூர் மன்னன்’, உடை வரைந்தவர் லகோஸ்த்.

இன்னொரு பக்கம், 1838-இல் கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளும் இசைக்கலைஞர்களும் அடங்கிய சிறு குழு பாரிஸ் சென்று வாரியெத்தே அரங்கில் ஆடியது. கோத்தியே அவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அமனி என்று பிரெஞ்சில் குறிக்கப்பட்ட ஆடலரின் சிறு சிலையை ஒகுஸ்த் பார் வடித்தார்.

இந்த இரண்டு செய்திகளும் சேரும் இடத்தில் மனம் துள்ளும். எனக்கும் முதன்முறை துள்ளியது. பயதேர் உடை ஓவியம் ஒன்றைக் கண்டவுடன் ‘நம் ஊர் ஆடலரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதத் தோன்றும். தேதியைப் பாருங்கள். 1810-இன் உடைகளும் 1830-இன் உடைகளும் அவர்கள் பாரிஸில் கால்வைக்கும் முன்பே தைத்து முடிந்தவை. அந்த ஓவியர்களுக்குக் கிடைத்தது பயணநூல்களும் அச்சுப்படங்களும், முன்பிருந்த மேடை மரபும்தான். 1838-க்குப் பிந்தைய தாள் என்றாலும் தொடர்பு தானாக வந்துவிடாது. உடையின் வெட்டில் அந்தத் தொடர்பைக் காட்ட வேண்டும். சேலைக் கட்டு இருக்கிறதா, அல்லது இறுக்கிய மார்புக்கச்சும் விரிந்த மெல்துணிப் பாவாடையுமா? காலில் சலங்கையா, பாலே ஆடுபவரின் சாட்டின் காலணியா? இரண்டாவது வகை விடைகள் கிடைத்தால், அந்தத் தாள் பாரிஸ் தனக்குள் கட்டிக்கொண்ட இந்தியாவைக் காட்டுகிறது. அதுவும் அரிய சான்றுதான். ஆனால் அதைத் திருவந்திபுரத்தின் சான்றாக மாற்றி எழுதினால், உண்மையாகவே அங்கே போய் ஆடிய அந்தப் பெண்களை நாம் இரண்டாம் முறை மறைத்தவர்கள் ஆவோம்.

9. விவரக்குறிப்பை எழுதும் வரிசை

இப்போது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இந்த வரிசையில் எழுதுங்கள்: படைப்பு, இசையமைப்பாளர், அரங்கு, தயாரிப்பின் ஆண்டு, பாத்திரம், அங்கம், வரைந்தவர், பொருள் (பென்சில், மை, நீர்வண்ணம், ஒளிபுகா வண்ணம்), அளவு, குறிப்புகளின் நகல், அதன் கீழே தமிழ், உடையின் விவரம், கடைசியில், தனிப் பத்தியாக, உங்கள் ஊகம்.

நகலும் மொழிபெயர்ப்பும் இரண்டும் இருக்க வேண்டும். உங்கள் மொழிபெயர்ப்பு தவறாக இருந்தால் இன்னொருவர் நகலைப் பார்த்துத் திருத்த அது ஒன்றே வழி. துணிப் பெயர்களுக்குத் தமிழில் இணை கிடைக்காதபோது வலிந்து பெயர் சூட்ட வேண்டாம். வெல்வெட், சாட்டின், மஸ்லின் எல்லோருக்கும் புரியும். புரியாததை ‘மெல்லிய வலைத்துணி’ என்பதுபோல் விளக்கிவிடுங்கள்.

அளவை நூலகக் குறிப்பிலிருந்து எடுங்கள். திரையில் தெரியும் விகிதத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். தாளின் அளவா, ஒட்டிய அட்டையின் அளவா என்பதையும் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் படத்தை மூடிவிட்டு, குறிப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுத்து, அந்த உடையை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அழகாக வரையத் தேவையில்லை. அங்கி எந்தத் தோளில் தொங்குகிறது, கச்சை சட்டைக்கு மேலா கீழா என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் குறிப்பில் விட்டுப்போன ஒரு சொல். அவற்றைச் சேர்த்த பிறகு வெளியிடுங்கள். படத்தையும் சேர்த்து வெளியிடுவதானால் நூலகத்தின் பெயரையும் இருப்பு எண்ணையும் அதன் கீழே எழுதுங்கள். விற்பனைக்கான நூலில் அச்சிடுவதாக இருந்தால், காலிகாவின் பயன்பாட்டு விதிகளைப் படித்து முன்னதாகவே அனுமதி கேளுங்கள்.